பத்துப் பயறும் நாற்பது நிமிஷமும்

எனெலெசிக்கு மனிதர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் ஒரே இடத்தில் வந்துதான் முட்டும். ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, ஒரு பயறைக் கையில் மிச்சம் வைக்கக் கூடாதா?

பதினொரு வருஷமாக அவளுக்கு இதுதான் வேலை. மலாவி நாட்டில், சோம்பா பல்கலைக்கழகத்தில் மக்வின்ஜா என்று ஒரு டாக்டர் இருக்கிறார். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர். மனிதர்கள் ஒரு விஷயத்தில் எவ்வளவு உறுதியாக இருக்கிறார்கள், அந்த உறுதியை நம்பி என்ன முடிவெடுக்கிறார்கள், கடைசியில் நடப்பது என்ன என்று ஆராய்கிறவர். வயதில் எனெலெசியை விட இருபது வருஷம் சின்னவர். அவர் சோம்பாவில் உட்கார்ந்து கணக்குப் போட, இவள் சில்வா ஏரிப் பக்கத்து ஊர்களில் வெயிலிலும் சேற்றிலும் வீடு வீடாக ஏறி இறங்குவாள். பையில் ஒரு தகரத் தட்டு, பத்துக் காராமணிப் பயறு, ஒரு நோட்டு.

"இந்த மக்காச்சோளம் அடுத்த அறுவடை வரைக்கும் தாங்குமா? நிச்சயம் தாங்கும்னா பத்தையும் தட்டுல வைங்க. தாங்கவே தாங்காதுன்னா ஒண்ணும் வைக்க வேணாம். சந்தேகம் இருந்தா, எவ்வளவு சந்தேகமோ அவ்வளவு பயறைக் கையிலேயே வெச்சுக்குங்க."

கேள்வி முடிவதற்குள் பத்தும் தட்டில் விழுந்துவிடும். மகன் பரீட்சையில் தேறுவானா? பத்து. முதல் மழைக்குப் பிறகு இரண்டு வாரம் மழை நிற்காமல் பெய்யுமா? பத்து. அவசரம் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் சுகாதார நிலையம் போய்ச் சேர முடியுமா? பத்து, பத்து, பத்து. அடுத்த வருஷம் அதே வீட்டுக்குப் போனால், ஏப்ரல் அறுவடை வரை தாங்க வேண்டிய குதிர் ஜனவரியிலேயே காலி, பையன் மறுபடி அதே வகுப்பில். அதைப் பற்றிக் கொஞ்சமாவது வெட்கம் உண்டா? அதே தட்டில் மறுபடியும் பத்து! பத்து வைத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் சொன்னது நடக்கவில்லை என்று டாக்டர் போனில் சொன்னபோது எனெலெசிக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

"என்ன டாக்டர், பயறு மிச்சம் வைச்சா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுவேன்னு பயப்படறாங்களா இவங்க?" என்று அவரிடமே கேட்டுவிட்டாள்.

ஊர் எப்படியோ போகட்டும், நோட்டில் எழுதிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அந்த ஜனவரியில் பத்துப் பயறு அவள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

எனெலெசியின் தங்கை ஜோஹன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் மகள் ஃபலேசி பெரியம்மாவின் பொறுப்பில்தான் வளர்ந்தாள், பெரியம்மாவின் பக்கத்து வீட்டில்தான் குடித்தனமும் வைத்தாள். புருஷன் மன்வெலி, அந்தப் பக்கத்து வழக்கப்படி, பெண் வீட்டோடு வந்து இருக்கிற மாப்பிள்ளை. சைக்கிளில் ஆள் ஏற்றி ஓட்டுவது அவன் தொழில். நல்லவன்தான். அடிக்க மாட்டான், குடிக்க மாட்டான். வாயைத் திறந்தால்தான் எனெலெசிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஃபலேசிக்கு இது முதல் பிரசவம். ஆள் குள்ளம், இடுப்பு சின்னது, குழந்தை பெரிது. சுகாதார நிலையத்து நர்ஸ் கடாங்கோ கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தெளிவாகச் சொல்லிவிட்டாள். "வலி வந்த அப்புறம் கிளம்பற கதையெல்லாம் வேணாம். மூணு வாரம் முன்னாடியே இங்க வந்து தங்கிடணும்." அதற்கென்றே நிலையத்தில் ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். பாய் ஒன்றும் பாத்திரம் ஒன்றும் கொண்டு போனால் போதும்.

மன்வெலி கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"எதுக்கு அத்தை மூணு வாரம்? நான் எதுக்கு இருக்கேன்? வலி வந்தா ஏத்திக்கிட்டு அழுத்தினேன்னா நாப்பது நிமிஷம்."

"பதினேழு கிலோமீட்டர் மாப்பிள்ளை. நடுவுல நகானா ஆறு இருக்கு."

"தெரியும் அத்தை. தினம் ஓட்டறவன் நான். நாப்பது நிமிஷம்."

அந்த நாற்பது நிமிஷம் எங்கிருந்து வந்தது என்பதும் எனெலெசிக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு அக்டோபர் மாதம், மண் காய்ந்து கல்லாய் இருந்த நாளில், பின்னால் ஆள் இல்லாமல், யாரோ துரத்துகிற மாதிரி ஒரு தடவை போயிருக்கிறான். அன்றைக்கு நாற்பது நிமிஷம் ஆனது வாஸ்தவம். அதற்குப் பிறகு முந்நூறு தடவை ஆள் ஏற்றிக்கொண்டு போய் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்து ஒரு நாளும் சேர்ந்ததில்லை. ஆனால் அந்த முந்நூறும் ஏதோ ஒரு காரணத்தால் தாமதமானவையாம். சேறு, காற்று, மாட்டு மந்தை, பஞ்சர், குண்டான பயணி. கணக்கில் நிற்பது அந்த ஒரே நாள்தான்.

எனெலெசி அதட்டி ஃபலேசியை விடுதிக்கு அனுப்பியிருக்கலாமே என்று கேட்கலாம். வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையைப் பார்த்து, உன் சைக்கிளை நம்ப முடியாது என்று மாமியார் முறை உள்ளவள் சொன்னால், அவன் சைக்கிளைத் துடைத்து ஏறித் தன் தாய் ஊருக்கே போய்விடுவான். போனவர்கள் இருக்கிறார்கள். அவன் தொழிலும் மானமும் அந்தக் கேரியரில்தான் உட்கார்ந்திருந்தன.

வேறு வழி தெரியாமல் ஒரு மத்தியானம் பையைத் திறந்து தட்டை எடுத்துவிட்டாள். சொந்தக்காரர்களிடம் கேட்கக் கூடாது என்பது டாக்டர் போட்ட விதி. விதி கிடக்கட்டும்.

"வலி எடுத்து ஒரு மணி நேரத்துல ஃபலேசி நர்ஸ் முன்னாடி இருப்பாளா? வைங்க மாப்பிள்ளை, பார்க்கறேன்."

அவன் பயறை எண்ணக்கூட இல்லை. உள்ளங்கையைத் தட்டின் மேல் கவிழ்த்தான். கலகலவென்று பத்தும் விழுந்தன.

"நீ வைடி."

ஃபலேசி புருஷனைப் பார்த்தாள். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் வைத்தாள். பத்து.

"ரெண்டு பேருக்கும் மூளையை யாரோ கடன் வாங்கிட்டுப் போயிட்டாங்க!" என்று எனெலெசி தட்டைப் பையில் திணித்தாள். "சரி மாப்பிள்ளை. நாளைக்கு என்னை ஏத்திக்கிட்டுப் போங்க. எனக்கு அங்க வேலை இருக்கு. கடிகாரத்தை நான் பார்த்துக்கறேன்."

மன்வெலிக்கு முகம் மாறியது. மாமியாரை மாப்பிள்ளை கேரியரில் ஏற்றுவதா? எதிரே வந்தால் ஒதுங்கி நிற்கிற உறவு அது. ஒரே தட்டில் சாப்பிடாத உறவு. ஆனால் சவால் என்று ஆகிவிட்ட பிறகு அவனாலும் விட முடியவில்லை. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஊரே பார்க்க எனெலெசி பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். மற்ற பயணிகள் ஓட்டுகிறவன் இடுப்பையோ சட்டையையோ பிடித்துக்கொள்வார்கள். இவள் மாப்பிள்ளையின் இடுப்பைப் பிடிப்பதா, சீச்சீ! இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, பாட்டுக்குழுவில் முன் வரிசையில் அமர்ந்தவள் மாதிரி நேராக உட்கார்ந்தாள்.

முதல் இரண்டு கிலோமீட்டர் பறந்தான். அப்புறம் சேறு. இறங்கித் தள்ளினான். ஏறினார்கள். பஞ்சர். ஒட்டினான். ஏறினார்கள். மாட்டு மந்தை ஒன்று வழியை அடைத்துக்கொண்டு நின்றது, மேய்ப்பவன் மரத்தடியில் தூங்கினான். எனெலெசி போனில் நேரத்தைப் பார்த்து உரக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள். "நாப்பது நிமிஷம் ஆச்சு மாப்பிள்ளை. இன்னும் ஆறு தெரியல." மன்வெலி பதில் சொல்லவில்லை. அவனிடம் மூச்சு இருந்தால்தானே சொல்வான். நகானா ஆற்றுக்கு இறங்குகிற சரிவில் முன்சக்கரம் வழுக்கியது. அவன் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு தப்பினான். பிடிமானம் எதுவும் இல்லாத எனெலெசி அப்படியே உருண்டு மரப்பாலத்தின் ஓரத்தில் போய் விழுந்தாள். இடது கணுக்கால் மடங்கியது.

"என்னைப் பிடிச்சிருக்கக் கூடாதா அத்தை!" என்று அவன் அலறினான்.

"பிடிக்கறதா? உங்களையா? எனக்கு என்ன வெட்கம் மானம் கிடையாதா?" என்று சேற்றில் கிடந்தபடியே இவளும் கத்தினாள்.

நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று தாண்டி ஐந்து நிமிஷம். மூன்று மணி நேரம், ஐந்து நிமிஷம். எனெலெசி வலியிலும் ஒரு திருப்தியோடு போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். சட்டையெல்லாம் நனைந்து, கால் நடுங்கி, மன்வெலி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"பஞ்சருக்கு அரை மணி நேரம் கழிச்சுடுங்க. மாட்டுக்குக் கால் மணி. நீங்க விழுந்தது ஒரு மணி. அப்புறம் ஃபலேசி உங்க எடையில பாதிதான். கூட்டிப் பாருங்க அத்தை, கிட்டத்தட்ட நாப்பது நிமிஷம்தான் வருது."

எனெலெசிக்கு அழுகையே வந்துவிட்டது. கண்ணால் பார்த்தும், காலால் மிதித்தும், உடம்பெல்லாம் வேர்த்தும் நம்பாத மனுஷனை என்ன செய்வது? இன்னும் மூன்று வாரத்தில் அந்தப் பெண்ணை இதே சரிவில், இதே சக்கரத்தில் ஏற்றுவான். அந்த மரப்பாலத்தில் வைத்து அவளுக்கு ஏதாவது ஆனால் தங்கைக்கு என்ன பதில் சொல்வது?

நர்ஸ் கடாங்கோ காலைக் கட்டிவிட்டு, எலும்பு முறியவில்லை, வீக்கம் வற்ற நாலு நாள் ஆகும், அதுவரை இங்கேயே கிட என்று சொல்லிவிட்டுப் போனாள். மன்வெலி தலையைச் சொறிந்தான். விழுந்தது தன் சைக்கிளிலிருந்து என்பது அவனுக்கு உறுத்தியது.

"உங்களுக்கு இங்க யார் அத்தை சமைச்சுப் போடுவாங்க?"

அந்த ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கு வீட்டாள்தான் துணைக்கு வந்து சமைக்க வேண்டும். படுத்தவளுக்கு நசிமா என்கிற சோளக்களி கிண்டிப் போட ஆள் இல்லை என்று பெயர் வந்தால் அந்தக் குடும்பம் யார் முகத்திலும் விழிக்க முடியாது. எனெலெசிக்கு இரண்டு பிள்ளைகளும் பையன்கள், பிளான்டைர் நகரத்தில் இருக்கிறார்கள். வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

"ஃபலேசியை நாளைக்குக் கொண்டாந்து விடறேன்" என்றான் மன்வெலி. "அவளுக்குத்தான் இன்னும் நாள் இருக்கே."

"உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை சிரமம்" என்று முனகிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பிரசவ அறைக்கும் துணையாட்கள் சமைக்கிற கொட்டகைக்கும் நடுவே முப்பது அடி கூட இல்லை. கர்ப்பிணிகள் விடுதிக்கு அனுப்பமாட்டேன் என்று முறைத்த அதே மனுஷன், அதே மதிலுக்குள் இருக்கிற கொட்டகைக்கு, அதே பாயையும் பாத்திரத்தையும் கட்டிக் கொடுத்து, தானே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். பாதி வழி அவளை இறக்கி நடக்க விட்டானாம். எவ்வளவு நேரமானது என்று எனெலெசி கேட்கவில்லை. கேட்டால் மறுபடியும் கழித்துக் காட்டுவான்.

மூன்றாம் நாள் மத்தியானம் கொட்டகையில் ஃபலேசி காராமணியைக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எனெலெசி காலை நீட்டிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முறத்தைப் பார்த்ததும் அவளுக்குப் பழைய எரிச்சல் கிளம்பியது.

"ஏண்டி, உனக்காவது புத்தி வேணாமா? அவன்தான் வெச்சான், நீயும் பத்து வைக்கிறே?"

ஃபலேசி வேலையை நிறுத்தினாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு பத்துப் பயறைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து, அதிலிருந்து இரண்டை மட்டும் எடுத்துப் பெரியம்மாவின் இடுப்புத்துணி மேல் வைத்தாள்.

"இதுதான் பெரியம்மா. ரெண்டு."

"அப்ப அன்னிக்கு?"

"அவர் முன்னாடி எப்படிப் பெரியம்மா பயறைக் கையில நிறுத்தறது? புருஷனை நம்பலேன்னு ஆயிடாதா? அதை விடுங்க. நாளைக்குக் குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, இவதான் அன்னிக்கே எண்ணி எடுத்து வெச்சா, இவதான் சாவைக் கூப்பிட்டான்னு சொல்ல மாட்டாங்களா? என்னைச் சூனியக்காரின்னு சொல்ல ஒரு பயறு போதும்."

எனெலெசி அந்த இரண்டு பயறையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பதினொரு வருஷம்! எத்தனை வாசல், எத்தனை தட்டு. புருஷன் பக்கத்தில், மாமன் பக்கத்தில், எட்டிப் பார்க்கிற அண்டை வீட்டார் பக்கத்தில் உட்காரவைத்து, உன் பிள்ளை பிழைக்குமா, உன் விளைச்சல் வருமா என்று கேட்டிருக்கிறாள். கையில் ஒன்றை நிறுத்தினால் என்ன பெயர் வரும் என்று அவளுக்கும் தெரியாதா? அவளும் அதே ஊர்க்காரிதானே. தன் முதல் மகன் காய்ச்சலில் கிடந்தபோது யாராவது தட்டை நீட்டியிருந்தால் அவளும் பத்துதான் வைத்திருப்பாள். இது கூடத் தோன்றாமல், இவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று வீடு வீடாகத் தலையில் அடித்துக்கொண்டு வந்திருக்கிறாளே! அவளுக்குக் காது வரை சுட்டது.

உடனே சோம்பாவுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், நம்ம பத்தெல்லாம் பொய். யாரும் அப்படி நினைக்கல. பக்கத்துல ஆள் இருக்குன்னு வைக்கறாங்க."

மறுமுனையில் டாக்டர் பேனாவைத் தேடுகிற சத்தம் கேட்டது. "இது பெரிய விஷயம்மா. எத்தனை பேர் சொன்னாங்க?"

"ஒருத்தி. என் தங்கச்சி மக. மாப்பிள்ளை பத்து வெச்சார்னு அவளும் பத்து வெச்சா."

"ஒருத்தி சொன்னா எல்லாருக்கும் அப்படித்தானா? எவ்வளவு உறுதி உங்களுக்கு? எத்தனை பயறு வைப்பீங்க?"

"பத்து!" என்றாள் எனெலெசி. சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் சிரிக்கவில்லை, அது வரைக்கும் புண்ணியம். "ஆம்பளைங்க சில பேர் நிஜமாவே பத்துதான் நினைக்கறாங்க. உங்க மாப்பிள்ளையை யாரும் மிரட்டி வைக்கச் சொல்லலையே. எது எவ்வளவுன்னு தெரியணும்னா தனியா உட்காரவெச்சு, தட்டைத் துணியால மூடிக் கேட்கணும். நானூறு வீட்டையும் முதல்ல இருந்து."

"முதல்ல இருந்தா!" என்று எனெலெசி போனை வைத்தாள். கால் வலிக்காத இடத்திலும் வலித்தது.

அந்த வலியையும் நாலாம் நாள் நர்ஸ் பிடுங்கிக்கொள்ளப் பார்த்தாள். "வீக்கம் வத்திடுச்சு. எழுந்து வீட்டுக்குப் போங்க."

"தரையில கால் வைக்க முடியலம்மா. உள்ளுக்குள்ள குடையுது."

"எங்க குடையுது?"

"அங்கங்க."

நர்ஸ் கடாங்கோ கட்டிலைப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கொட்டகையில் வயிற்றைத் தாங்கிப் பிடித்து நடக்கிற ஃபலேசியைப் பார்த்தாள். "என் பதினாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கணுக்காலைப் பார்த்ததில்லை" என்று சீட்டில் ஏதோ கிறுக்கிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் தினமும் வந்து காலைக் கிள்ளிப் பார்ப்பாள், எனெலெசி தினமும் ஐயோ என்பாள். நான்கு நாள் இந்த நாடகம் நடந்தது.

எட்டாம் நாள் விடியும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஒன்பது மணிக்கு ஃபலேசிக்கு வலி எடுத்தது, நாள் கணக்குக்கு இரண்டு வாரம் முன்னால். நகானா மரப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று மார்க்கெட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மத்தியானம் வரை குழந்தை இறங்கவில்லை. நர்ஸ் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள். இரண்டு மணிக்குக் குழந்தை வந்தது, பெண், கருநீலமாக, சத்தமில்லாமல். முதுகைத் தேய்த்து, வாயை உறிஞ்சி, மூக்கில் காற்று ஊதி அது அழுவதற்குள் இங்கே ஃபலேசிக்கு ரத்தம் நிற்காமல் போக ஆரம்பித்தது. ஊசி, வயிற்றில் அழுத்தம், மறுபடி ஊசி. "தண்ணி! துணி!" என்று நர்ஸ் கத்தியபோது வாளியைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கும் அறைக்குமாக ஓடியவள் எனெலெசிதான். ஏழு தடவை ஓடினாள்.

மூன்றரை மணிக்கு ரத்தம் நின்றது. நர்ஸ் கை கழுவிக்கொண்டே திரும்பினாள்.

"கால் குணமாயிடுச்சு போல."

எனெலெசி குனிந்து தன் காலைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து, முகத்தைத் துணியில் புதைத்து, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"வழியில ஆகியிருந்தா ரெண்டும் போயிருக்கும்மா" என்றாள் நர்ஸ். குரல் இறங்கியிருந்தது. "அழாதீங்க. இன்னும் ரெண்டு நாளைக்கு உங்களுக்குக் கால் வலின்னே எழுதிக்கறேன்."

மன்வெலி வந்து சேர்ந்தது குழந்தை பிறந்த மூன்றாம் நாள். செய்தி கேட்டதும் கிளம்பியவன்தான். தண்ணீர் வடியட்டும் என்று இரண்டு நாள் அக்கரையில் சைக்கிளோடு காத்துக் கிடந்து, கடைசியில் ஒரு படகுக்காரன் ஏற்றிக்கொண்டு வந்து விட்டிருக்கிறான். முழங்கால் வரை சேறு. குழந்தையை வாங்கி முகத்தோடு முகம் வைத்தான். கண் கலங்கியது. மகளுக்கு நெற்றி தன்னை மாதிரி என்றான், விரல் தன்னை மாதிரி என்றான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக எனெலெசி பக்கம் திரும்பினான்.

"பார்த்தீங்களா அத்தை? எவ்வளவு பயந்தீங்க! நான்தான் அன்னிக்கே சொன்னேனே, ஒண்ணும் ஆகாதுன்னு."

எனெலெசி அவன் முழங்கால் சேற்றைக் கை காட்டினாள். "மாப்பிள்ளை, நீங்க ரெண்டு நாள் ஆத்தங்கரையில நின்னீங்களே?"

"அது ஆறு ஏறிடுச்சு அத்தை. ஆறு ஏறலேன்னா நாப்பது நிமிஷம்." அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். "இல்லையா ஃபலேசி?"

"ஆமாங்க" என்றாள் ஃபலேசி, கண்ணைத் தாழ்த்திக்கொண்டு.

சைக்கிளைத் துடைக்க அவன் வெளியே போனான். பாட்டும் விசிலுமாகப் போகிற சத்தம் தூரத்தில் தேய்கிற வரை ஃபலேசி காத்திருந்தாள். பிறகு குழந்தையை மார்போடு அணைத்தபடி பெரியம்மாவின் காதருகே சாய்ந்தாள்.

"பெரியம்மா, அடுத்த தடவை எந்தக் காலு?"